எச்சில்

இருபத்தாறு வருஷம்
கட்டைவிரலை நாக்கில் தொட்டுத்தான்
டிக்கெட் கிழித்தேன்.
அயனாவரத்தில் எடுத்து
பெசன்ட் நகரில் விடுவதற்குள்
எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள்.

"எச்சி தொட்டுக் குடுக்காதய்யா" என்று
ஓட்டேரியில் ஏறும் டீச்சரம்மா ஒருவர்
தினமும் திட்டுவார்.
ஒருநாள் போஸ்டாபீசில் இருக்குமே
அந்த மாதிரி ஸ்பாஞ்சு டப்பா ஒன்றைக்
கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனார்.
பைக்குள் போட்டேன்.
அதில் தண்ணீர் ஊற்றவே இல்லை.
என்னிடம்தான் ஊற்று இருந்ததே.

மூன்றாவது கீமோ முடிந்து
இன்று ஒன்பதாம் நாள்.
வாய்க்குள் நாக்கு
மொட்டைமாடியில் மறந்துவிட்ட கோணிச்சாக்கு.
உதட்டோரம் இரண்டு பக்கமும் கிழிந்திருப்பதால்
கொட்டாவி வந்தால் பயம்.
உள்கன்னத்தில் வெள்ளையாக நாலு புண்.
எந்தப் பல் எதன்மேல் உரசும் என்பது
ஸ்டாப்பிங் மாதிரி மனப்பாடம்.

சிஸ்டர் ஜெசிந்தா சொன்ன கணக்கு:
வெதுவெதுப்பாய் ஒரு டம்ளர் தண்ணீர்,
சமையல் சோடா கால் ஸ்பூன்,
உப்பு அதில் பாதி.
கொப்பளி, துப்பு.
இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி.
எரிகிற பச்சை மவுத்வாஷைத் தூக்கிப் போடு.
குழந்தைகள் பிரஷ் வாங்கு.
வாங்கினோம். கைப்பிடியில் ஒரு முயல்.
என் ஐம்பத்து மூன்று வயசைப் பார்த்து
தினமும் சிரிக்கிறது.

மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் கட்டி வைத்தார்கள்.
"கடிக்காதீங்க, சும்மா வச்சிருங்க."
வெளியே கத்திரி வெயில்.
உள்ளே தாடை விறைத்து
சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு
வாழ்க்கையில் முதல்முறையாக
ஒரு மணி நேரம் யாருக்கும் சில்லறை பாக்கி வைக்காமல்
பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் மிளகாய் நின்றுபோனது.
ரசம் கூடக் குற்றம்.
குழைந்த மோர்சாதம் எனக்கு,
மங்கைக்கும் அதேதான்.
கேட்டால் வயிறு சரியில்லை என்பாள்.
ஆனால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று
ஊறுகாய் விரலை அவள் சப்பும் சத்தம்
எனக்குக் கேட்கும்.
கேட்காத மாதிரி இருப்பேன்.
இத்தனை வருஷக் குடித்தனத்தில்
இந்த மரியாதை கூட இல்லாவிட்டால் எப்படி.

செவ்வாயும் வெள்ளியும் தண்ணி லாரி.
இரண்டு மாடி குடத்தோடு ஏறி வருபவளிடம்
உடனே ஒரு மடக்குக் கேட்க வெட்கம்.
அவளே ஊற்றித் தருவாள்.
ஒரு வாய், கொஞ்சம் விட்டு இன்னொரு வாய்.
அப்புறம் பழைய கண்டக்டர் பையைத் துழாவி
அந்த டப்பாவை எடுத்தாள்.
ஸ்பாஞ்சு பொடிந்து மாவாகியிருந்தது.
டப்பாவை வெந்நீரில் போட்டெடுத்து
வாசலின் நிரப்பிக் கொடுத்தாள்.
இரவில் எழுந்து தடவிக்கொள்கிறேன்.
இருட்டில் அது இருக்கும் இடம்
விரலுக்குத் தெரியும்.

இன்று ரத்தம் கொடுக்கப் போனேன்,
என் பழைய ரூட்டிலேயே.
கண்டக்டர் சின்னப் பையன். கையில் மெஷின்.
பட்டனைத் தட்டினால் சீட்டு
தானாக நாக்கை நீட்டுகிறது.
"ஸ்டாஃப்" என்று சொல்லப் பார்த்தேன்.
உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது.
கார்டை நீட்டினேன்.
மாஸ்க்கைப் பார்த்தான், கார்டைப் பார்த்தான்,
ஜன்னலோர சீட்டில் இருந்தவரை
நகரச் சொன்னான்.

ராயப்பேட்டை தாண்டியதும்
முன்சீட்டில் ஒரு ஸ்கூல் பிள்ளை
காகிதத்தைப் பிரித்தாள்.
மாங்காய் பத்தை. உப்பு, மிளகாய்த்தூள்.
கடித்த சத்தம்தான் முதலில் வந்தது.
பிறகு வாசனை.

காதுக்குக் கீழே, தாடை மூலையில்,
சுரீர் என்று என்னவோ குத்தியது.
புண்ணெல்லாம் ஒருசேர விழித்துக்கொண்டன.
கண்ணில் நீர் வந்துவிட்டது.
ஆனால் வாயில்,
சொன்னால் மங்கை நம்பமாட்டாள்,
வாயில் ஊறியது.

மாஸ்க்கை இறக்கி
கட்டைவிரல் தானாக நாக்குக்குப் போனது.
டீச்சரம்மா, மன்னிக்கணும்.
கிழிக்க ஒன்றும் இல்லாததால்
ஐ.டி. கார்டின் பிளாஸ்டிக் உறைமேல்
ஈரமாய் ஒரு கோடு இழுத்தேன்.
அடையாறு பாலம் வரும்வரை
காயாமல் இருந்தது.