வெண்கலக் கேடயம்

முகத்துவாரம். ஏழு மணி ஆராதனை.
ஆறரைக்கே நான் வாசலில்:
ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் கதிரை,
கையில் உலோகம் தேடும் கறுப்புக் கோல்.

அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்த மேசை.
முதல் வருசம் துவக்கோடு இரண்டு சிப்பாய்கள்.
பிறகு ஒரு பொலிஸ்காரர், அவருக்கும் இடமாற்றம்.
இப்போது நான்.

கேட்காமலே பையைத் திறக்கிறார்கள்.
மடித்த குடை. பனடோல் அட்டை.
அசரப்பா மிசிஸின் பையில் எப்போதும் ஒரு மாலுபாண்,
எண்ணெய் ஊறிய கடதாசியில்.
"ஊசி போட்டால் உடனே சாப்பிடவேணும்" என்று
ஒவ்வொரு கிழமையும் எனக்கு விளக்கம்.
நான் கேட்கவில்லையே, மிசிஸ்.

உள்ளே போதகர் ரெகொபெயாமைப் பற்றிக் கதைக்கிறார்.
ஒலிபெருக்கி பாதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு
மீதியை எனக்குத் தருகிறது.
பத்துக் கோத்திரம் கைவிட்டுப் போனபின்
அந்த ராசா கோட்டை கோட்டையாகக் கட்டினானாம்.
பதினைந்து ஊர்.
ஊருக்கு ஊர் எண்ணெய், திராட்சரசம், தானியம்,
அடுக்கி வைத்த ஈட்டி.
ஐந்தாம் வருசம் எகிப்து வந்தது.
தகப்பன் செய்துவைத்த பொன் கேடயங்கள் போயின.

போதகர் ஒரே மூச்சில் தாண்டிப்போனதில்
நான் நின்றுவிட்டேன்:
ராசா வெண்கலத்தில் கேடயம் செய்வித்தான்.
ஆலயத்துக்குப் போகையில் காவலர் தூக்கி வருவார்கள்.
திரும்பியதும் காவலறையில் வைத்துவிடுவார்கள்.

அதில் ஒருத்தனை எனக்குத் தெரியும்போல.
விடியவிடிய மினுக்கியிருப்பான்.
தூரத்திலிருந்து பார்த்தால் பொன்தான்.
பாரம் குறைவென்று
அவன் தோளுக்கு மட்டும் தெரியும்.

என் கோலில் பற்றரி செத்து நாலு மாதம்.
பொருளாளர் தேவவரத்துக்குச் சொன்னேன்.
"அடுத்த கூட்டத்தில் பார்ப்பம்."
ஆனாலும் தோளிலிருந்து கால்வரை தடவுகிறேன்.
சாவிக்கொத்துகள் சத்தமில்லாமல் உள்ளே போகின்றன.

பிரசங்கம் பாதியில் ஒருவர் வந்தார்.
கண்டறியாத முகம். முதுகில் பெரிய பை.
கோலை உயர்த்தினேன்.
கைகளை விரித்து, கண்ணை மூடி நின்றார்.
பையைத் திறந்தால் மேலே
குறடு, ஸ்பானர், இரும்புச் சங்கிலித் துண்டு.
கோல் மூச்சுவிடவில்லை.
கோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"துறைமுகத்தில் இரவு வேலை" என்றார்.
பையை மேசைக்கடியில் வைத்துவிட்டு,
செருப்பைக் கழற்றி, உள்ளே போய்விட்டார்.

மேலே கண்டது குறடு.
அடியில் என்னவென்று நான் தோண்டவில்லை.

கதிரையில் உட்கார்ந்தேன்.
துறைமுகத்துப் பாரந்தூக்கி ஒன்று மெல்லத் திரும்பியது.
உள்ளே பாட்டுத் தொடங்கியது.
என் கால் பையில் முட்டிக்கொண்டிருந்தது.
காலை எடுக்கவில்லை.