துள்ளி வெள்ளம்

பாலக்காடு ஸ்டேடியம், மூன்றாம் கேட்.
பையைத் துழாவிய பெண் போலீஸ்
என் பிரஷர் மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு
"போயிக்கோ சேச்சி" என்றாள்.

மேடையில் நால்வரில் மூவர்.
டிரம்ஸில், செத்துப்போனவனின் மகள்.
கிடார் குரியச்சனுக்கு முழங்காலில் பட்டை,
பிளாஸ்டிக் நாற்காலி.
ஆனாலும் முதல் தட்டிலேயே
என் விலாவுக்குள் ஏதோ கழன்று ஆடியது.
கணவாய்க் காற்று பாதிச் சத்தத்தை வாரி
வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டி
கோயமுத்தூர்ப் பக்கம் கொண்டுபோனது.

உடுமலையிலிருந்து வந்து
மீனாட்சிபுரம் எஸ்.டி.டி. பூத்தில் சேர்ந்த புதிதில்
நாள் முழுக்க இந்த கேசட்தான்.
"ஒரு துள்ளி வெள்ளம் தா" என்று கத்துவான் ஜோபி.
துளியளவு வெள்ளம் கேட்கிற ஆளை
அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.
ஒரு வாரம் கிறுக்குப் பிடித்துத் திரிந்தேன்.
அட, வெறும் தண்ணிதான்ம்மா என்றார்
டிரங்க் கால் போட வந்த வைக்கோல் லாரிக்காரர்.
அவருக்கு மீதிச் சில்லறை கொடுத்தேன்,
சம்மதம் கொடுக்கவில்லை.

இன்று அந்தப் பாட்டில்
இரண்டாம் சரணம் ஜோபிக்கு மறந்துபோனது.
வழுக்கையைத் துடைத்துக்கொண்டே
மைக்கை எங்கள் பக்கம் நீட்டினான்.
காலரி மொத்தமும் தண்ணீர் கேட்டது.
நான் வெள்ளம் கேட்டேன்,
தொண்டை கிழிய.

காதில் பஞ்சு வைத்திருந்த பக்கத்துப் பையன்
பதறிப்போய்
தன் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

குடித்தேன். மூடி எங்கேயோ விழுந்துவிட்டது.
பொள்ளாச்சி கடைசி பஸ் ஒன்பதே முக்காலுக்கு.
இன்னும் ஐந்து பாட்டாவது இருக்கும்.