பேரேட்டில் இரண்டு பேர்

பெர்கன் ஆவணக் காப்பகத்தில்
பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி.
ஈரக் கோட்டை வெளியே மாட்டிவிட்டு
மூன்று செவ்வாய்க்கிழமை உட்கார்ந்திருந்தேன்.

சிக்வார்ட் லுன்டெ. அம்மாவின் அப்பா.
பத்து வயதுக்கு முந்தைய கதையைக் கேட்டால்
"மழை பெய்தது" என்பார்.
பெர்கனில் அது ஒரு பதிலே இல்லை.

அநாதை இல்லத்தின் பேரேடு:
சேர்ந்தது மார்ச் 1924. வயது நான்கு.
பேன் உண்டு. அம்மைத் தழும்பு இல்லை.
உடைமை: கையுறை, ஒன்று.
ஜோடி இல்லை. ஒன்று.

பிறகு கடலோர மருத்துவமனை.
இடது இடுப்பில் எலும்புக் காசநோய்.
இருபத்தாறு மாதம் மாவுக்கட்டு.
வெயிலடித்த நாட்களில் கட்டிலோடு தூக்கி
வராந்தாவில் போட்டிருக்கிறார்கள்.
அந்த நாட்களையும் எண்ணி வைத்திருக்கிறார்கள்:
அந்தக் கோடையில் பத்தொன்பது.

மீன் எண்ணெயைத் துப்புகிறான்.
இரவில் பாடுகிறான்; கண்டிக்கப்பட்டான்.
எடை பதினாறு கிலோ.
பதினாறு.
பதினைந்தரை.

அந்த எடையோடுதான் பஸ் ஏறினேன்.
என் மகனும் அப்போது பதினாறு கிலோ.
தூங்கிப்போனவனைத் தோளில் போட்டு மாடியேறுகையில்
யாரைச் சுமக்கிறேன் என்பது பிடிபடவில்லை.

தாத்தா நொண்டியதில்லை.
அறுபத்தெட்டு வயதில் கூரையேறி ஓடு மாற்றியவர்.
நல்ல டாக்டர்கள், என்று
நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.
அவர் பாடி யாரும் கேட்டதுமில்லை.
கண்டித்தார்களே, பின்னே எப்படிப் பாடுவார் என்று
அதற்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது.

மூன்றாம் செவ்வாய், கடைசித் தாள்:
சிக்வார்ட் லுன்டெ, 1928 நவம்பர் 9,
விடியற்காலை நாலேகால். இறப்பு.
போர்வை எரிக்கப்பட்டது.

பிறந்த அன்று என்னைக் கையில் வாங்கிய மனிதர்
தொண்ணூற்றொன்றில்தான் செத்தார்.

காப்பகத்து தூர்பியோர்
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள்.
ஒரே குளிர்காலம், ஒரே பெயர், இரண்டு பையன்கள்.
எங்களவன் எண் 61.
நான் அழுதது 88-க்கு.

61-க்கு மொத்தமே நாலு வரி.
ஆரோக்கியம். நன்றாகச் சாப்பிடுகிறான்.
1930-ல் மீன்பிடிப் படகுக்காரர் ஒருவரிடம் ஒப்படைப்பு.
அதற்கு மேலே, வேறு கையெழுத்தில்,
முதல் குளிர்காலத்துப் பதிவு:
கட்டில் பற்றாக்குறை. 88-உடன் படுக்கிறான்.

மழை பெய்தது என்றாரே.
எந்த மழை என்று
ஒருவரும் கேட்கவில்லை நாங்கள்.

88-இன் தாள்களுக்கும் நகல் கேட்டேன்.
விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?

பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
போர்வையின் மறுபாதிக்குப் பேத்தி, என்றெழுத
அந்தக் கட்டம் போதாது.
ஒரு கோடு மட்டும் போட்டேன்.

தூர்பியோர் கோட்டைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
முத்திரையை மையில் ஒற்றினாள்.