பிராந்தியத்தைத் தெரிவுசெய்க

பெட்டியை அமத்தினால் ஊர்கள் விழுகின்றன:
மும்பை, சிங்கப்பூர், சிட்னி, பிராங்க்பேர்ட்.
கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தேன்.
மட்டக்களப்பு இல்லை.
கொழும்பும் இல்லை என்பதில்
சின்னதாய் ஒரு சந்தோசம்.

நண்டு வாங்கும் ஜேர்மன் கொம்பனி
ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவில் எழுதியிருக்கிறது:
தரவு பிராந்தியத்தை விட்டு வெளியேறலாகாது.
பிரதியும் அங்கேயே.
பிரதியின் பிரதியும்.

பாலமீன்மடுவில், ஐஸ்பெட்டிகளுக்கு நடுவே
இதை வாசிக்கிறேன்.
நாற்பத்தொரு தோணிக்காரரின் பெயர்,
அடையாள அட்டை இலக்கம், முற்பணம்,
யார் வீட்டில் யாருக்கு ஒப்பரேசன் என்று
ஓரத்தில் நான் குறித்து வைத்தவை,
எல்லாம் இன்றிரவு பிராங்க்பேர்ட்டில் குடியேறும்.
மூன்று தரம் விசா மறுக்கப்பட்ட
கமலரூபனின் கடனும்.

முகத்துவாரத்தில் மணல் அடைத்துக் கிடக்கிறது.
வெட்டுவதா விடுவதா என்று கச்சேரியில் கூட்டம்.
வயலுக்குள் தண்ணி, வெட்டு என்கிறது படுவான்கரை.
வெட்டினால் இறால் போய்விடும் என்கிறார்கள் இங்கே.
இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை.

கல்முனையிலிருந்து நிஃப்ராஸ் பேசுகிறான்:
"அக்கா, ஒருக்கா அமத்தினா மாத்த ஏலாது.
வெளிய ஒரு கொப்பி வைக்கிற இடமும் இருக்கும்,
அதையும் மூடிடுங்க."

பட்டியல் யார் கையில் இருக்கிறது என்று
கேட்டுப் பழகிய ஊர் இது.
பெயர் வாசிக்க வாசிக்க ஏறியவர்களை
எங்கே இறக்கினார்கள் என்று
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.
பதினான்காம் பிரிவை
எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் நாவலடியில்
சங்கத்துக் கணக்குக் கொப்பியும்
ஒரே அலுமாரியில், ஒரே பூட்டில்தான் இருந்தது.
சாவி என்னிடம்.
அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு
சாவி மட்டும் இருந்தது.

மறுகா, பள்ளிக்கூட முகாமில்
புதுக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.
ஒவ்வொருவராய் வந்து
தங்கள் கடனைத் தாங்களே சொன்னார்கள்.
சிலர் குறைத்துச் சொன்னார்கள், எனக்குத் தெரியும்.
ஞானாம்பிகை தன்னுடையதைச் சொல்லிவிட்டு
புருசனின் ஆறாயிரத்தையும் சொன்னாள்.
அப்படியொரு கடன் கொடுத்ததாய் எனக்கு ஞாபகமில்லை.
எழுதிக்கொண்டேன்.
அவனை அதுவரை கண்டெடுத்திருக்கவில்லை.

பிராங்க்பேர்ட்.
வெளிப்பிரதி: வேண்டாம்.
உறுதிப்படுத்து.
வட்டம் சுற்றுகிறது, நின்று சுற்றுகிறது,
எங்கள் ஊர் இணையம்.

பெக்கோ வந்துவிட்டதாம்.
நண்டு கட்டுகிற பெட்டையள்
கையுறையைக் கழற்றாமலே ஓடுகிறார்கள் பார்க்க.

லாச்சியைத் திறந்து
எண்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுக்கிறேன்.
பெயர், முற்பணம்.
அட்டை இலக்கம் வேண்டாம்.
ஒப்பரேசன் வேண்டாம்.
பிரிவைத் திரும்பவும் வாசித்தேன்.
பேனையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை,
இருந்தாலும் கை கூசுகிறது.

ஒன்பதாவது, ஞானாம்பிகையின் மகன்.
வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
தொகையைத்
திரையைப் பார்க்காமலே எழுதினேன்.