கமா தள்ளி

வியாழன் மதியம், செவ்வாய்ப்பேட்டை ஆபீசில்
முதலாளி சுகவனம் திரையில் ஒரு எண்ணைப் படித்தார்.
2,475,000.
முழு லோடுக்கும் இரண்டு லட்சத்து நாற்பத்தேழாயிரமா,
என்றார் போனில்,
இதற்கு எங்கள் ஜவ்வரிசியைக் கோழிக்குப் போடுவோம்.
வைத்துவிட்டார்.
அந்தப் பக்கம் இருந்தவர் திரும்ப அழைக்கவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது.
வெளிநாட்டுக்காரர்கள் பக்கத்தில் கமா
மும்மூன்று இலக்கத்துக்கு ஒருமுறை நிற்கிறது.
நம் கண்ணுக்கு ஆயிரத்தில் ஒரு வேகத்தடை வேண்டும்,
லட்சத்தில் ஒன்று, கோடியில் ஒன்று.

அன்றிரவு குகையில், கட்டில்மேல், தங்கையின் லேப்டாப்.
ஒரு ஃபோல்டர், உள்ளே இரண்டே கோப்பு.
முதலாவது ஜாதகம் மாதிரி:
பெயர், பதிப்பு, எந்தப் பக்கத்தில் நுழையலாம்,
நுழைந்தபின் யார் வேலை செய்வது.
பெயருக்கு 'கமா தள்ளி' என்று அடித்தேன்.
பதிப்பு 0.1.
ஒன்று என்று போடக் கை வரவில்லை.
இரண்டாவதில் இருபத்து மூன்று வரி:
கடைசி மூன்று இலக்கத்தை விடு,
மிச்சத்தை இரண்டிரண்டாய் வெட்டு.

எக்ஸ்டென்ஷன் பக்கத்தின் வலது மூலையில்
டெவலப்பர் சுவிட்ச்.
தள்ளினேன், மூன்று பொத்தான் முளைத்தன.
ஒன்றில் எழுதியிருந்தது:
பொட்டலம் கட்டாததை ஏற்று.
லீ பஜாரில் நாள் முழுக்கக் கேட்கிற சொல்,
ஏற்று, ஏற்று.
ஆனால் மூட்டையின் வாயைத் தைக்காமல்
யாரும் ஏற்றச் சொன்னதில்லை.
ஏற்றினேன்.

படிக்க முடியவில்லை என்றது, சிவப்பில். ஒன்பதாம் வரி.
ஒன்பதாம் வரியில் ஒரு அடைப்புக்குறி தவிர
ஒன்றுமே இல்லை.
அரை மணி நேரம் அதையே முறைத்தேன்.
தப்பு எட்டாம் வரியின் வாலில்:
பின்னால் யாரும் வராத இடத்தில்
யாரையோ எதிர்பார்த்து நின்றது
ஒரு கமா.

வாய்விட்டுச் சிரித்ததில் தங்கை புரண்டு படுத்தாள்.
அதை எடுத்தேன், ஏறிக்கொண்டது.
ஐகான் நான் கொடுக்கவில்லை;
சாம்பல் கட்டத்தில் அதுவே
க என்று எழுதிக்கொண்டது.

மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டு
டீ குடிக்கப் போனேன். வருவதற்குள் ஜபீன் கத்தினாள்.
லாரி நம்பருக்குக் கமா விழுந்திருந்தது.
பின்கோடு 6,36,002.
மேட்டூர் டிரைவரின் செல் நம்பர்
தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடி ஆகியிருந்தது.

எல்லாப் பக்கத்திலும் நுழையலாம் என்று
அனுமதி எழுதியவள் நான்தான்.
நட்சத்திரக் குறி ஒன்று போதும்,
பேங்க், மெயில், ஜபீனின் கல்யாண ஆல்பம்,
எல்லாக் கதவும் திறக்கும்.
இத்தனை சுலபமா என்று கொஞ்சம் பயந்தேன்.
நட்சத்திரத்தை அழித்தேன்.
அந்த ஒரு வியாபாரியின் முகவரி மட்டும்,
அதிலும் விலைக் கட்டம் மட்டும்.
வளைந்த அம்பை அழுத்தி, பக்கத்தையும் புதுப்பித்தேன்
(ஒன்றை மறந்தாலும் பழையதுதான் நிற்கும்).

24,75,000.

சுகவனம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிப் பார்த்தார்.
அந்த ஆள் நம்பரை எடு, என்றார்.

இப்போது பென்டிரைவில் ஆத்தூர் குடோனுக்கும் போயிருக்கிறது.
காலையில் பிரவுசரைத் திறந்தால் கேட்கிறது:
இது கடையில் வாங்கியதில்லையே, நிறுத்திவிடவா?
வேண்டாம் என்று அழுத்துகிறேன்.
பதிப்பு 0.4.
வெளியே லாரி வந்துவிட்டது.