கேள்வி பதினேழு

கம்பத்தில் ஆடிக்காற்று.
மாடி அறையிலிருந்து போன் போடுகிறேன்.
மேற்கு ஜன்னலில் மெட்டு தெரியும்,
போலீஸ் தடுப்பு தெரியாது.

இது ஓர் ஆய்வு, உங்கள் பெயர் எங்கும் வராது,
எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.
நாளுக்கு இருபது தடவை இதைச் சொல்கிறேன்.
ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஒச்சம்மா கேட்டாள்:
"எதத் தாயி நிறுத்தச் சொல்ற?"

ஏழு நாளில் சாப்பாட்டைக் குறைத்தீர்களா?
எப்போதும். சில நேரம். இல்லவே இல்லை.
"ரேஷன் அரிசி கெடக்கு. கொழம்புக்குத்தேன்...
எந்தக் கட்டம்னு நீயே பாத்துப் போடு."
சில நேரம் என்று போட்டேன்.
அது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

பதினேழு:
ஊரடங்குக்குப் பின் மாநில எல்லையைக் கடந்தீர்களா?
மறுமுனையில் குக்கர் ஒரு விசில்.
இன்னொன்று.
"ஜீப்புலயா கேக்குற?"
எப்படியானாலும்.

சொன்னாள்.
எந்த ஓடை, எந்தப் பாறையில் திரும்புவது,
அட்டைக்கு மூக்குப்பொடி தேய்த்தது,
காய் பழுத்துக் கொட்டுகிறதென்று
முதலாளி போனில் மலையாளத்தில் அழுதது.
போனது பதினாலு பேர்.
இறங்கும்போது பதிமூணு.
ஒருத்திக்குக் காய்ச்சல்,
ஸ்டோரில் காய்ந்த காய் மூட்டைக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு...
"இதையும் எழுதுறியா?"

எழுதவில்லை.
தொண்ணூற்றொன்பது என்று குறித்தேன்.
பதில் சொல்ல மறுத்தார் என்று அதற்குப் பொருள்.
மறுத்தது யார் என்று படிவம் கேட்பதில்லை.

சாயங்காலம் சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர்.
மூன்று நாள் தூங்காத குரல்.
"பேரு வேண்டாங்க. பாதைய மட்டும் சொல்லுங்க.
மேல எவளாவது மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடந்தா?"
கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம்.
பெயர் வராது என்றுதானே வாக்குக் கொடுத்தேன்,
பாதை வராது என்று சொன்னேனா?
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
சென்னையில் சாருக்குக் கடிதம் எழுதினேன்.
நெறிமுறைக் குழு வியாழக்கிழமை கூடுமாம்.
அன்று திங்கள்.

ராத்திரி ஒச்சம்மாவைக் கூப்பிட்டேன்.
இந்தத் தடவை வணக்கம் சொல்லத் தோன்றவில்லை.
அந்தப் பொண்ணு எப்படி இருக்கா,
ஒரே ஒரு கேள்வி, எந்தப் படிவத்திலும் இல்லாதது.

மணி அடிக்கவில்லை.
பதிவுக் குரல் வந்தது, மலையாளத்தில்:
பரிதிக்குப் புறத்தாணு.
எல்லைக்கு வெளியே என்று அர்த்தமாம்.
எனக்குத் தெரிந்த தமிழில்
பரிதி என்றால் சூரியன்.

மறுபடி போட்டேன்.
மெட்டுக்கு மேலே எங்கோ
ஒரு டார்ச் வெளிச்சம், அல்லது
ஜன்னல் கண்ணாடியில் என் போன்.