பதினாலு டைல்ஸ்

அருமனைக் கிளைக்கு வந்த மேனேஜர்
கான்பூர்க்காரர்.
மாற்றல் வந்தது குவாஹாட்டிக்கு.
ஃபிரிட்ஜ் ஏறியது, கட்டில் ஏறியது,
லாரியில் நாய்க்கு இடமில்லை.
கடன் வாங்கினவனிடம்தானே கேட்க முடியும்.
ஷீட் அடிக்கும் மெஷினுக்கு வாங்கியதில்
நாலு தவணை மிச்சமிருந்த நான்
கயிற்றைக் கையில் வாங்கினேன்.

பெயர் ஷேரு என்றார்.
லில்லிபாய்க்கு அது சேறு என்று கேட்டது.
ஆனி மாசம். முற்றம் முழுக்க அதுதான்.
பெயர்ப்பொருத்தம் சரியாத்தான் இருக்கு என்றாள்,
அடுக்களைக் கதவை அடைத்தபடி.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒட்டுப்பால்.
எங்கள் பூனை.
சிரட்டையில் காய்ந்து கிடக்கும் பாலின் நிறம்,
பிய்த்தாலும் விடாத குணம்.
ஏழு வருஷமாய் வரி கட்டாத வீட்டுக்காரி.

முதல் ராத்திரி
கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி.
அதில் ஒரு மூக்கு வந்தது.
ஒரு நகம் வந்தது.
பிறகு எழுந்த கூப்பாட்டில்
மேலவிளை வரை விளக்கு எரிந்தது.

மூணாம் நாள் சாக்குகளை மாற்றிப் போட்டோம்.
மணம் பழகட்டும்,
கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டரின் யோசனை.
அவன் முகர்ந்து முகர்ந்து
அதன்மேலேயே உறங்கிப்போனான்.
இவள் மூத்திரம் பெய்தாள்.
அதுவும் பதில்தானே.

அவனுக்குத் தமிழ் தெரியாது.
இரிலே என்றால் நின்றான்.
போலே என்றால் வாலாட்டினான்.
பரோட்டாக்கடை பீகார்ப் பையனிடம் கேட்டு
கரண்டு பில்லின் பின்னால் எழுதி வந்தேன்:
பைட். ருக். சோட். இதர் ஆ.
ஐம்பத்திரண்டு வயதில் இந்தி படித்தேன்,
ஒரு பூனையின் மானத்துக்காக.

முன்னறையின் நீளம் பதினாலு டைல்ஸ்.
எட்டாம் நாள் கதவு திறந்தபோது
அந்தக் கோடியில் அவன், கயிற்றோடு.
இந்தக் கோடியில் இவள்,
வால் பாட்டில் கழுவும் பிரஷ்.
பத்துக்கு வர ஒரு வாரம் ஆனது.
மீன்காரி ஹாரன் அடித்த அன்று
ரெண்டுபேரும் ஒரே வாசலுக்குச் சாடி
அவன் மூக்கில் மூணு கோடு விழுந்தது.
மறுபடி பதினாலு.

பிறகு ஒன்பது. ஒன்பது. ஒன்பது.
லில்லிபாய் காலண்டரில் குறித்து வைத்தாள்,
ரப்பர்க் கடைக்காரன் தரவேண்டிய பாக்கிக்குப் பக்கத்தில்.

விடியக்காலம் மூணரை.
தலைவிளக்குக் கட்டி மரத்தடியில் நின்றாலும்
காது மட்டும் வீட்டில் கிடந்தது.
எங்கோ ஒரு சட்டி விழுந்த சத்தம்.
கத்தி ஆழமாய் இறங்கிவிட்டது.
காயம்பட்ட பட்டையில் மண் அப்பிவிட்டு
ஓடிவந்து பார்த்தால்
ரெண்டும் உறக்கம்.
சட்டி பக்கத்து வீட்டுச் சட்டி.

ஆவணியில் ஏழு. புரட்டாசியில் ஐந்து.
ஐந்தில் அப்படியே நின்றது, நின்றதுதான்.
இனி இவ்வளவுதான் போல என்று
நானும் எண்ணுவதை விட்டேன்.

ஐப்பசி இடி.
கரண்டு போய்விட்டது.
கட்டிலின் அடியில் அவன் நடுங்குவது
பலகை வழியே என் முதுகுக்குத் தெரிந்தது.
கொஞ்சம் ஓய்ந்ததும் வெளியே வந்தான்.
டார்ச் அடித்தேன்.

அவனுடைய சாக்கின் நட்டநடுவில்
வட்டமாய்ச் சுருண்டு, இவள்.

அவன் நின்றுகொண்டிருந்தான்,
தன் படுக்கைக்கு வெளியே,
கடன் கேட்கப் போனவன்
மேனேஜரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து.
பைட் என்றேன்.
வெறுந்தரையில் உட்கார்ந்தான்.
ஒரு டைல்ஸ்.
அதிலும் பாதி அவன் வாலுக்குப் போய்விட்டது.

அவளை அங்ஙன தள்ளி விடேன் என்றேன்.
கெடக்கட்டும்,
அவளுக்க வீடுல்லா
என்றது இருட்டு.

பிறகு எழுந்தாள்.
பழைய போர்வை ஒன்றை உதறும் சத்தம்,
சாக்கின் ஓரம் தொட்டு அதை விரிக்கும் சத்தம்.
சேரு என்றாள்,
சின்ன ர போட்டு.